எந்தச் செட்டியாரின் தெரு?

பசறைப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் 1920களில் எழுதிக்கொடுத்த ஈட்டு உறுதி ஒன்று என் மேசையில் இருக்கிறது. ஈட்டு உறுதி என்பது அடமானப் பத்திரம். பதுளை நொத்தாரிசு ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியது. கடன் கொடுத்தவரின் முகவரி 'சீ ஸ்ட்ரீட், கொழும்பு', அதாவது கடல் வீதி. அடியில் அவருடைய முகவர் தமிழில் ஒப்பமிட்டிருக்கிறார். பெயருக்கு முன்னால் நாலைந்து எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன. இதே பத்திரத்தைத் தோட்டப்புறத்துப் பெரியவர்களிடம் காட்டினால் யாரும் கடல் வீதி என்று சொல்வதில்லை. "செட்டியார் தெருக் கடன்" என்றுதான் சொல்கிறார்கள். சிங்களத்தில் கேட்டால் 'ஹெட்டி வீதிய'.

ஒரே தெரு. ஆங்கிலத்தில் அதன் பெயர் கடலைச் சுட்டுகிறது. தமிழிலும் சிங்களத்திலும் மனிதரைச் சுட்டுகிறது. ஊவாவின் தோட்டக் கடன்களைத் தேடிப் போன எனக்கு, கடனைவிட இந்தப் பெயர்தான் முதலில் தடுக்கியது. அந்தச் செட்டியார் யார்? எப்போது அவர் கடலைத் தள்ளிவிட்டுத் தெருவைத் தம் பெயருக்கு எடுத்துக்கொண்டார்?

கடலில் இருந்து தொடங்குவதே முறை. இன்று செட்டியார் தெருவில் நிற்பவருக்குக் கடல் தெரியாது. நகைக்கடைப் பலகைகளும் மேற்கே துறைமுகத்தின் கிடங்குகளும்தான் தெரியும். ஆனால் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவருக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டியது 1875 டிசம்பரில். அதற்குப் பின்னர்தான் கரையோரம் நிரப்பப்பட்டு, தண்ணீர் தள்ளிப்போனது. அதற்கு முந்திய வரைபடங்களில் புறக்கோட்டையிலிருந்து கொச்சிக்கடைப் பக்கம் வடக்கே போகும் இந்தத் தெரு கரையை ஒட்டியே ஓடுகிறது. ஆகவே ஆங்கிலப் பெயரில் பொய் இல்லை. அது வைக்கப்பட்ட காலத்தில் தெருவின் பக்கத்தில் கடல் இருந்தது. நகரசபைப் பதிவிலும் நொத்தாரிசின் உறுதியிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அடுத்துச் சுற்றியுள்ள தெருக்களைப் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் தெருவுக்குப் பெயர் வைத்தவர்கள் கற்பனைக்கு வேலை கொடுக்கவில்லை. சோனகர் தெரு, வெள்ளித் தட்டார் தெரு, பித்தளை வார்ப்போர் தெரு, நாவிதர் தெரு, எண்ணெய்ச் செக்குகள் ஓடிய செக்குத் தெரு என்று யார் இருந்தார்களோ, என்ன தொழில் நடந்ததோ அதுவே பெயர். இந்தச் சூழலில் செட்டிகள் வாழ்ந்த தெருவைச் செட்டியார் தெரு என்று ஊர் அழைத்ததில் வியப்பில்லை. வழக்கு இங்கே முடிந்துவிட்டது போலத் தோன்றும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் கொழும்பில் செட்டி என்ற பெயரில் இரண்டு வேறு சமூகங்கள் இருந்தன.

முதலாவது, கொழும்புச் செட்டிகள். தென்னிந்தியக் கரையிலிருந்து போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலங்களில் வணிகத்துக்காக வந்து தங்கியவர்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள்; அரசாங்க உத்தியோகங்களில் உயர்ந்தார்கள். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்தில் எழுதிய சைமன் காசிச்செட்டி இவர்களில் ஒருவர். 1834இல் வெளிவந்த இலங்கை இடப்பெயர் அகராதியும் அவருடையதே. கல்பிட்டியில் பிறந்தவர். ஊர்ப்பெயர்களைத் தேடும் எவரும் முதலில் அவர் காலடியில்தான் உட்கார வேண்டும். இச்சமூகம் இன்றும் இருக்கிறது. அண்மைக் குடிசன மதிப்பீடுகளில் 'இலங்கைச் செட்டி' என்று தனிப் பிரிவாகவே எண்ணப்படுகிறது.

இரண்டாவது, நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் எனப்படும் நகரத்தார். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பணத்தோடும் அரிசியோடும் வந்தவர்கள். குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு, ஏறக்குறைய மூன்றாண்டுத் தவணைக்கு முகவர்களை அனுப்பி, தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துத் திரும்பியவர்கள். இவர்கள் குடியேறவில்லை, கடை வைத்தார்கள்.

பொதுவாக எழுதுபவர்கள் இரண்டாமவருக்கே தெருவைக் கொடுத்துவிடுகிறார்கள். வட்டிக்கடை நடத்தியவர்கள் அவர்கள், ஆகவே பெயரும் அவர்களுடையது என்பது வாதம். இது போதாது. கொழும்புச் செட்டிகள் அவர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அதே நகரில் வணிகம் செய்தவர்கள். காலத்தால் முந்தியவருக்கே உரிமை என்று ஒருவர் வாதாடினால் என்ன பதில்?

பெயரின் ஈற்றில் இருக்கும் 'ஆர்' விகுதியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கொழும்புச் செட்டிகள் காசிச்செட்டி என்பதுபோலச் 'செட்டி' என்றே பெயர் வைத்துக்கொண்டார்கள். நகரத்தார் தம்மைச் 'செட்டியார்' என்று எழுதினார்கள். தெரு செட்டியார் தெரு. ஆகவே நகரத்தார் தெரு. கவர்ச்சியான வாதம்தான். ஆனால் ஆங்கில ஆவணங்கள் இருவரையும் வேறுபாடின்றி 'செட்டி' என்றே எழுதின. நீதிமன்ற அறிக்கைகளில் பெரும் பணக்கார நகரத்தாரும் மெய்யப்பச் செட்டி, இராமநாதன் செட்டிதான். மரியாதை விகுதி பேசுபவரின் வாயில் கூடும், குறையும். இதை வைத்து ஒரு தெருவை யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. சிங்களப் பெயரும் உதவாது. ஹெட்டி என்ற சொல் சிங்களத்தில் மிகப் பழையது, ஹெட்டியாரச்சி, ஹெட்டிகே என்று குடும்பப் பெயர்களிலேயே ஊறியது. அது எந்தச் செட்டியையும் குறிக்கும்.

சொல்லை விட்டு, பணம் போன வழியைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதுளைதான் நல்ல இடம்.

ஆவணம் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. ஊவா ஒரு மாகாணமாக ஆனதே 1886இல்தான், ஆளுநர் ஆர்தர் கோர்டன் காலத்தில். அதற்கு முன் பதுளை மத்திய மாகாணத்தோடு சேர்ந்திருந்தது. கோப்பிக் காலத்துப் பதுளையைத் தேடுபவர் ஊவா என்ற தலைப்பில் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவார்; கண்டியின் கீழ்த் தேட வேண்டும். பலர் இந்த இடத்திலேயே தேடலைக் கைவிட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கோப்பித் தோட்டத்தின் கணக்கு எளிமையானது, ஆனால் கோணலானது. விளைந்த கோப்பி இலண்டனில் பவுண்களுக்கு விற்றது. தொழிலாளிக்குக் கூலி உள்ளூர்ப் பணத்தில் கொடுக்க வேண்டும். 1872 முதல் அது ரூபாயும் சதமும். தின்ன அரிசி வேண்டும். அது இந்தியாவிலிருந்தும் பின்னர் பர்மாவிலிருந்தும் வந்தது. ஆக, தோட்டத்துரையிடம் இலண்டன் மேல் எழுதிய உண்டியல் இருந்தது, ரூபாய் இல்லை. செட்டியாரிடம் ரூபாயும் அரிசியும் இருந்தன. அவருக்கு இந்தியாவிலிருந்து சரக்கு வாங்க அந்த உண்டியல் பயன்பட்டது. உண்டியல் என்பது இன்ன இடத்தில் இன்ன தொகையைக் கொடு என்ற எழுத்தாணை. கோட்டையில் இருந்த ஐரோப்பிய வங்கிகளுக்கும் மலைநாட்டுக் கூலிக் களத்துக்கும் இடையில் இருந்த பள்ளத்தை இந்தப் பரிமாற்றம் நிரப்பியது.

கோட்டை என்று சொன்னதால் அதையும் இங்கே வைத்துவிடுகிறேன். கொழும்பின் நிதி வட்டாரம் என்று யாரும் நினைப்பது கோட்டையைத்தான். 1835இல் தொடங்கிய ஜோர்ஜ் ஸ்டூவர்ட் போன்ற முகவர் நிறுவனங்கள் அங்கே. 1883 ஜூலை 30ஆம் திகதி கொழும்பின் முதல் தேயிலை ஏலம் நடந்ததும் அங்கேதான், குயின் வீதியில் சோமர்வில் நிறுவனத்தின் அலுவலகத்தில். தாமஸ் லிப்டன் 1890இல் அப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னையை வாங்கியபோது செட்டியாரிடம் போகவில்லை. அவருக்குச் சொந்தப் பணம் இருந்தது. பெருந்தோட்டக் கம்பனிகளின் முதல் இலண்டனிலிருந்து வந்தது. இதைச் சொல்லாவிட்டால், ஊவா முழுவதும் செட்டியார் பணத்தில் நின்றது என்ற தப்பெண்ணம் வாசகருக்கு வந்துவிடும்.

செட்டியார் தெருவுக்குப் போனவர்கள் வேறு ஆட்கள். கோட்டை வங்கி நேராகக் கடன் கொடுக்காத உள்ளூர் முதலாளிமார், சிறு தோட்டக்காரர், பதுளையிலும் பண்டாரவளையிலும் கடை வைத்தவர்கள், தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த பெரியங்கங்காணிகள். வங்கிகள் இவர்களை அறியாது. செட்டியார்களை அறியும். வங்கிக்கும் செட்டியாருக்கும் நடுவில் சிராப்பு என்று ஓர் ஆள் இருந்தார். சிராப்பு என்றால் நாணயம் பார்ப்பவர். கொழும்பு வங்கிகளில் அவர் அதற்கு மேல். எந்தக் கடை எவ்வளவு தாங்கும் என்று சொல்லி, அதற்குப் பிணையும் நின்றவர். வங்கி செட்டியாருக்குக் கொடுத்தது. செட்டியார் அதைத் தம் பணத்தோடு சேர்த்து, கூடிய வட்டிக்கு ஊருக்குக் கொடுத்தார்.

கங்காணியின் கடனையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் தோட்டத்துத் தொழிலாளிக்குத் தெருவின் பெயர் தெரிந்தது அவர் வழியாகத்தான் இருக்கும். ஆள் சேர்க்க முன்பணம் வேண்டும். முன்பணம் தொழிலாளியின் பேரில் பற்றாக ஏறும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். அடுத்த துரை அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் மட்டும் ஆட்களோடு கூடவே நடந்துபோகும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் கடன் கைமாறிக்கொண்டே இருந்தது. கங்காணியும் தோட்டப்புறக் கடைக்காரரும் நகரத்துச் செட்டியாருக்குக் கடன்பட்டவர்கள், தொழிலாளி கங்காணிக்கும் கடைக்காரருக்கும் கடன்பட்டவர். ஏணியின் உச்சிப்படி செட்டியார் தெருவில். ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலாளர் பலர் வந்த இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளும் செட்டிநாடும் ஒரே வறண்ட நிலம். உழைப்பும் பணமும் பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து கப்பலேறி, மலைமேல் கடனாளியும் கடன் கொடுத்தவருமாகச் சந்தித்தன.

மீண்டும் என் ஈட்டு உறுதிக்கு வருகிறேன். பெயருக்கு முன்னால் நின்ற எழுத்து வரிசைக்கு விலாசம் என்று பெயர். முகவரி அல்ல, கடையின் பெயர். பாட்டன், தந்தை, பங்காளி ஆகியோரின் முதலெழுத்துகளைக் கோர்த்து, ஆனா, ரூனா, மூனா, பானா என்று ஓதுவது வழக்கம். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். இங்கே ஒப்பமிடுபவர் முகவர். தவணை மாறினால் ஆள் மாறும், விலாசம் மாறாது. 1918இல் வணிகப் பெயர்களைப் பதிய வேண்டும் என்று இலங்கையில் சட்டம் வந்தபோது, இந்த விலாசம் ஒரு வணிகப் பெயரா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு வந்த கடன் கொடுத்தல் சட்டம், புரோநோட்டின் முகத்தில் கொடுத்த முதல், முன்கூட்டியே கழித்த வட்டி, வட்டி வீதம் மூன்றையும் தனித்தனியே எழுதச் சொன்னது. பதுளைப் பக்கத்துப் பழைய புரோநோட்டுகளில் இந்த மூன்று வரிகள் இருந்தால், அது 1918க்குப் பிந்தியது என்று கையில் எடுத்ததுமே சொல்லிவிடலாம். திகதி கிழிந்துபோன தாள்களுக்கு இது பெரிய உதவி.

விலாசம் என்ற இந்த ஏற்பாடு நகரத்தாரின் வழக்கம். கொழும்புச் செட்டிகளிடம் இல்லை. ஆகவே 20ஆம் நூற்றாண்டில் ஊவாவின் கடன் பத்திரங்கள் சொல்லும் கடல் வீதி நகரத்தாரின் வீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் நமக்கு வேண்டியது 20ஆம் நூற்றாண்டு அல்ல. பெயர் எப்போது ஒட்டியது?

இங்கே தெருவின் கோயில்கள் சாட்சிக்கு வருகின்றன. கொழும்புச் செட்டிகள் வழிபட்ட கிறிஸ்தவ ஆலயம் பக்கத்தில் ஜிந்துப்பிட்டியில் இருக்கிறது. செட்டியார் தெருவுக்குள் நிற்பவை முருகன் கோயில்கள். பழைய கதிரேசன் கோயில், புதிய கதிரேசன் கோயில். கட்டியவர்கள் நகரத்தார். கடை நடத்தும் ஒவ்வொருவரும் வியாபாரத்தின் அளவுக்கு ஏற்பக் கோயிலுக்குச் செலுத்தும் மகமை என்ற கொடையில் இவை நடந்தன.

கதிரேசன் என்றால் கதிர்காமத்து ஈசன். கதிர்காமம் இன்று ஊவா மாகாணத்தின் மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. பதுளையிலிருந்து வெல்லவாய, புத்தளை வழியாக யாத்திரிகர் நடந்த ஊர். மலைநாட்டுக் கடனைத் தேடிக் கொழும்புக்குப் போன எனக்குத் தெருவின் நடுவில் ஊவாவின் கடவுள் எதிர்ப்பட்டார்.

இது வெறும் பெயர் ஒற்றுமை அல்ல. 1870களில் கதிர்காம யாத்திரையால் வாந்திபேதி பரவுகிறது என்று அஞ்சிய அரசு, யாத்திரிகர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. இந்தியாவிலிருந்து வருவோருக்கும் கொழும்பிலிருந்து போவோருக்கும் வழி அடைபட்டது. அந்தப் பத்தாண்டிலேயே செட்டியார் தெருவிலிருந்து முருகனின் வேலை இரதத்தில் ஏற்றி நகருக்குள்ளேயே எடுத்துச் செல்லும் ஆடிவேல் விழா தொடங்கியது. புறக்கோட்டையில் புறப்பட்டு, கோட்டை வழியாக, காலிமுகத் திடலைத் தாண்டி பம்பலப்பிட்டிக்கு வேல் போகும். கதிர்காமத்துக்குப் போக முடியாதவர்கள் கதிர்காமத்தைக் கொழும்பின் தெருவில் நடத்தினார்கள்.

இந்தச் சாட்சியத்தை எடை போட வேண்டும். ஒரு கூட்டம் ஒரு தெருவில் கோயில் கட்டி, அங்கிருந்து நகரின் மறுமுனை வரை தேர் இழுக்கிறது என்றால், அது அந்தத் தெருவில் நேற்று வந்தது அல்ல. கோயில் இருக்க வேண்டும், மகமை கட்டும் கடைகள் போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும், மேளத்தோடும் கூட்டத்தோடும் பிரதான வீதிகளில் போக அரசின் இசைவு வேண்டும். ஆகவே 1870களுக்கு முன்பே நகரத்தார் இந்தத் தெருவில் வேரூன்றிவிட்டார்கள். கோப்பி உச்சத்தில் இருந்த காலமும் அதுவே. தேர் எங்கிருந்து புறப்படுகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறை நகரமே தெரிந்துகொண்டது. ஒரு பெயர் ஊர்வாயில் ஏற இதைவிட வேறு வழி வேண்டியதில்லை.

கோயில் எப்போது வேரூன்றினார்கள் என்று சொல்கிறது. தெருவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் அவர்களே என்று நேராகச் சொல்லவில்லை. கொழும்புச் செட்டியின் வழக்கு இன்னும் தள்ளுபடி ஆகவில்லை. அதற்குக் கொழும்பைவிட்டு வெளியே போய் ஒப்பிட வேண்டியிருந்தது.

சிங்கப்பூரில் ராபிள்ஸ் பிளேஸ் நிதி வட்டாரத்தில் மார்க்கெட் ஸ்திரீட் இருக்கிறது. அரசுப் பெயர் சந்தைத் தெரு. தமிழர் வாயில் அது 'செட்டித் தெரு'. நகரத்தாரின் கிட்டங்கிகள் அங்கே இருந்தன. கிட்டங்கி என்பது கிடங்கும் கடையும் சேர்ந்த நீண்ட கூடம். ஆளுக்கொரு பெட்டியும் சாய்வு மேசையும் வைத்துப் பலர் ஒரே கூரையின் கீழ் தொழில் நடத்துவார்கள். சிங்கப்பூர் ஆங்கிலேயர் துறைமுகமானது 1819இல். அங்கே கொழும்புச் செட்டிகளைப் போன்ற ஒல்லாந்தர் காலத்துச் செட்டிக் குடியேற்றம் தெருவுக்குப் பெயர் கொடுக்கவில்லை. அரசுப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் வேறொன்று. இரண்டு துறைமுகங்களிலும் அதே சமூகம், அதே தொழில், அதே நூற்றாண்டு. இது என் பக்கத்துக்குக் கிடைத்த மிக வலுவான சான்று. சிங்கப்பூரில் 'ஆர்' இல்லாமல் செட்டித் தெரு என்றே வழங்குவதையும் பாருங்கள். விகுதியை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம்.

எதிர்ச் சான்றும் உண்டு. அது ரங்கூனில் இருக்கிறது. அங்கே நகரத்தார் கொழும்பைவிடப் பெரிய அளவில் தொழில் நடத்தினார்கள். மாதம் ஒருமுறை கோயிலில் கூடி, தங்களுக்குள் செல்லும் நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். அவர்களுடைய கடைகள் நிறைந்திருந்த தெரு மொகல் தெரு. கடைசிவரை மொகல் தெருவாகவே இருந்தது. செட்டியார் கடை வைத்த தெருவெல்லாம் செட்டியார் தெரு ஆகிவிடும் என்றால் ரங்கூனில் ஏன் ஆகவில்லை?

இதற்கு எனக்குத் தோன்றும் விடை இது. மொகல் என்பது ஏற்கெனவே ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர். அந்த இடம் காலியாக இல்லை. சந்தை, கடல் என்பவை யாருடைய பெயரும் அல்ல. புறக்கோட்டை போல, தெருவை மனிதரின் பெயரால் அறிந்து பழகிய வட்டாரத்தில் கடல் வீதி என்பது காலி இருக்கை. அதில் நகரத்தார் அமர்ந்தார்கள். அவர்களுக்கு முன் கொழும்புச் செட்டிகள் அதில் அமர்ந்திருந்தால், அவர்களுடைய தேவாலயமும் அந்தத் தெருவிலேயே இருந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம். அது ஜிந்துப்பிட்டியில் இருக்கிறது.

இலண்டனின் லொம்பார்ட் தெருவும் இப்படித்தான் பெயர் பெற்றது. வட இத்தாலியின் லொம்பார்டியிலிருந்து வந்து அங்கே கடன் கொடுத்தவர்களின் பெயர். அந்த இத்தாலியர் போய் நூற்றாண்டுகள் ஆன பின்னும் ஆங்கில வங்கிகள் அந்தப் பெயரின் கீழேயே தொழில் நடத்தின. நியூயோர்க்கின் வோல் ஸ்திரீட்டுக்கு ஒல்லாந்தர் கட்டிய ஒரு சுவர்தான் பெயர் கொடுத்தது. பணத் தெருக்களில் கொழும்பு லொம்பார்ட் வகை. நியூயோர்க் வகை அல்ல. மும்பையின் தலால் தெருவும் தரகர் பெயரில் இருப்பதால் இந்த வகையோடு சேர்ந்துவிடுகிறது.

பெயர் ஒட்டிய பிறகு அதைப் பறிக்க வந்த அடிகளையும் சொல்ல வேண்டும். முதல் அடி ஊவாவில் இருந்தே வந்தது. 1869இல் மடுல்சீமையில் கலூலா தோட்டத்தில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் தூள் போன்ற புள்ளிகள் காணப்பட்டன. ஹெமிலியா என்ற பூஞ்சை. பேராதனைத் தாவரவியல் தோட்டத்திலிருந்து மாதிரி இங்கிலாந்துக்குப் போய், அங்கே அதற்குப் பெயரிடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் இலங்கைக் கோப்பி முடிந்தது. 1884 மே மாதம் ஓரியன்டல் வங்கி முறிந்தது. அதன் நோட்டுகள் நாடெங்கும் புழங்கியவை. ஆளுநர் கோர்டன் அவற்றுக்கு அரசின் உத்தரவாதம் கொடுத்து நிலைமையைத் தாங்கினார். அடுத்த ஆண்டிலிருந்து அரசே நோட்டு வெளியிட்டது. கோப்பிப் பணத்தில் வளர்ந்த பெயர் கோப்பியோடு போயிருக்கலாம். போகவில்லை. தேயிலை வந்தது, ரயில் 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும், மேலும் முப்பது ஆண்டு கழித்து 1924 ஏப்ரல் 5இல் பதுளைக்கும் வந்தது. அரிசியும் கடனும் அந்தப் பாதையில் ஏறின.

இரண்டாவது அடி தெருவுக்குள்ளேயே விழுந்தது. 1925இல் பெரிய செட்டியார் நிறுவனம் ஒன்று முறிந்ததும், கோட்டை வங்கிகள் செட்டியார்களுக்குக் கொடுத்துவந்த கடனில் கையை இழுத்துக்கொண்டன. பின்னால் உலகப் பொருளாதார மந்தம். தேயிலை, ரப்பர் விலைகள் விழுந்தன. கொடுத்த கடனுக்குப் பணம் வராமல் நிலம் வந்தது. வட்டிக்காரர் விருப்பமில்லாமலே தோட்டக்காரர் ஆனார். ஊரில் வெறுப்பும் கூடியது. அதையும் மறைக்கக் கூடாது. அடமானத்தில் நிலத்தை இழந்த குடும்பத்துக்குச் செட்டியார் என்ற சொல் மகிழ்ச்சியைத் தராது.

1934இல் சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் இலங்கை வங்கி ஆணைக்குழு அறிக்கை தந்தது. செட்டியார்களின் தொழில் முறையை அரசின் கண்ணால் விரிவாகப் பார்த்த ஆவணம் அதுவே. உள்ளூர் மக்களுக்குக் கடன் கொடுக்க அரசின் துணையோடு ஒரு வங்கி வேண்டும் என்று அது சொன்னது. 1939 ஆகஸ்ட் 1இல் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. அதன்பின் 1948இன் குடியுரிமைச் சட்டம், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, நிலம் வாங்குவதில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு விதித்த வரி என்று ஒவ்வொன்றாக வந்தன. நகரத்தார் கணக்கை முடித்துக்கொண்டு புறப்பட்டார்கள். இந்தக் கதையை முழுமையாக எழுதியவர் விக்ரம வீரசூரிய. நகரத்தார் பற்றிய அவருடைய நூல் 1973இல் வெளிவந்தது. சட்டம் படித்தவர் என்பதால் வழக்குகளை அவர் வாசித்திருக்கும் விதம் தனி.

இன்று செட்டியார் தெருவில் வட்டிக் கடைப் பெட்டிகள் இல்லை. தங்க நகைக் கடைகள் இருக்கின்றன. ஊவாத் தோட்டங்களிலிருந்து கலியாண நகை எடுக்கப் போகிறவர்கள், கொழும்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, இந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். செட்டியாருக்குக் கடன்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் இருக்கக் கூடும்.

என் தீர்ப்பு இதுதான். கடல் வீதி என்ற பெயர் துறைமுகத்துக்கு முந்திய கரையிலிருந்து வந்தது. செட்டியார் தெரு என்ற தமிழ்ப் பெயர் நகரத்தாருடையது. கோப்பிக் காலத்தில் ஒட்டி, 1870களில் ஆடிவேல் தேரோடு நிலைபெற்றது. சிங்களப் பெயரைத் தனியாக வைத்து எந்தச் செட்டி என்று முடிவு கட்ட முடியாது. தமிழ்ப் பெயரோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பை ஒரு தாள் மாற்றிவிடும். 1870களுக்கு முந்திய தமிழ்க் கணக்கேட்டில், புரோநோட்டில், கடிதத்தில் 'செட்டியார் தெரு' என்று எழுதியிருப்பதை யாராவது காட்டினால், காலத்தை முன்னே தள்ளி எழுத நான் தயார். அப்படிப்பட்ட தாள்கள் கொழும்பைவிட மலைநாட்டு வீடுகளில்தான் தப்பிப் பிழைத்திருக்கும். பெரியங்கங்காணிமாரின் தகரப் பெட்டிகளில், பழைய தோட்டக் கடைகளின் பரண்களில். பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்து வாசகர்களிடம் துண்டோ, பற்றுச்சீட்டோ, விலாசம் போட்ட பேரேடோ இருந்தால், பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு நகலை மட்டும் கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கோ தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் நிறுவனத்துக்கோ கொடுங்கள்.